சோற்றுக் கையும் இரண்டு துண்டு ரொட்டியும்

என் பேத்திக்கு ஏழு வயது. இடது கைக்காரி. எழுதுவதும் வரைவதும் அந்தக் கையால்தான்; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சாப்பிடுவதும் அதே கையால் என்பதுதான் சிக்கல். சனி ஞாயிறுகளில் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வருவாள். ரசம் சோற்றை இடது கையால் பிசைந்து, வழித்து, வாய்க்குக் கொண்டுபோவாள். எனக்குத் தொண்டையில் ஏதோ மேலேறி வரும். நாலு அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன், ஊராரின் மூட நம்பிக்கைகளைக் கிண்டலடித்தே பொழுதைக் கழித்தவன். ஆனால் என் படிப்பெல்லாம் கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. வயிறு இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

"பீச்சாங்கையால சாப்பிடாதே கண்ணு, குமட்டுது."

"ரெண்டு கையும் சோப்பு போட்டுத்தான் கழுவறேன் தாத்தா. காரணமே இல்லாம சும்னே திட்றீங்க."

போன மழைக்காலத்தில் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். தாத்தா பாட்டியோடு வீட்டில் செய்து பார்க்கும் அறிவியல் சோதனையாம். ரொட்டித் துண்டுகளைக் கையால் தொட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிவைத்து, பூஞ்சை வளர்வதைக் கவனிக்க வேண்டும். அவள் தாளைப் படித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் லெஃப்ட் ஹேண்டுக்கு ஒரு பிரெட், உங்க ரைட் ஹேண்டுக்கு ஒரு பிரெட். எது கலீஜுன்னு பாத்துடலாம். நான் தோத்தா ரைட்ல சாப்பிடறேன். நீங்க தோத்தா இனிமே ஒண்ணும் சொல்லக் கூடாது. மூஞ்சியையும் அப்படி வெச்சுக்கக் கூடாது."

மூஞ்சியை அவள் கவனித்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தன் வீட்டில் மூன்று தோசை தின்பவள் இங்கே ஏன் ஒன்றோடு எழுந்துவிடுகிறாள் என்று என் மனைவி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் என் முகத்தில்தான் இருந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் கை கழுவினோம். பேத்தி விரலிடுக்கெல்லாம் நுரை போட்டுத் தேய்த்தாள். நான் என் வழக்கப்படி ஐந்து விரல் நுனிகளைக் குழாயடியில் நீட்டி, இரண்டு உதறு உதறி, லுங்கியில் துடைத்தேன்.

"ஏங்க, அது கழுவினதா? தண்ணிக்கு ஆசீர்வாதம் பண்ணா மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"சோத்துக் கைக்கு அது போதும்."

ரொட்டிகளை அழுத்தித் தொட்டு, மூடி, பெயர் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்தோம். அந்த வாரம் முழுக்க மழை. நாலாம் நாள் என் ரொட்டியில் வெள்ளைப் பஞ்சு கட்டியது. ஆறாம் நாள் அது பச்சையாகி, நடுவில் கரும்புள்ளிகள் எழும்பி, ஓரத்தில் மஞ்சளாக ஏதோ வியர்த்திருந்தது. ஐந்து விரல்களும் பதிந்த இடங்களை எண்ணிப் பார்க்கலாம், சுண்டுவிரல்கூடச் சளைக்கவில்லை. அவளுடைய ரொட்டி ஓரமாய் ஒரு புள்ளியோடு காய்ந்து, கண்ணியமாக இருந்தது.

உறையைத் திறக்கக் கூடாது என்று தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தோற்றவனுக்கு எங்கே நம்பிக்கை வரும்? திறந்து முகர்ந்தேன். ஈரச் சாக்கும் நனைந்த காலுறையும் ஒன்றாகப் புழுங்கிய நாற்றம். ஓங்கரித்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். ஐம்பது வருஷமாக இந்த விரல்களால்தான் மீன் முள் எடுத்திருக்கிறேன், குழம்பை நக்கியிருக்கிறேன். அன்று இரவுச் சாப்பாட்டை ஸ்பூனால் முடித்தேன்.

சனிக்கிழமை பேத்தி வந்தாள். ஜெயித்ததற்குக் குதிப்பாள் என்று நினைத்தேன். உறையைப் பார்த்துவிட்டு "ஐயே" என்று ஓரடி பின்னால் போனாள், அவ்வளவுதான்.

மதியம் இடது கையால் ரசம் சோறு பிசைந்தாள். எனக்கு வழக்கம்போலவே மேலேறி வந்தது. ஆறு நாள் சோதனை வயிற்றுக்கு எட்டவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. முகத்தைத் துணி மடிப்பதுபோல மடித்துவைத்துக்கொண்டேன். சமாதானமாக ஓர் அப்பளத்தை எடுத்து அவள் தட்டுக்கு நீட்டினேன்.

அவள் தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். உதடு ஒரு பக்கம் கோணி, மூக்கு சுருங்கியிருந்தது.

"சீ, அந்தக் கையாலயா? பாட்டி, நீங்க வைங்க."

"நான் சோப்பு போட்டுக் கழுவினேன் கண்ணு."

"இருந்தாலும் தாத்தா."

நீட்டிய அப்பளத்தை என் தட்டிலேயே வைத்துக்கொண்டேன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பளம் வைத்தாள். பேத்தி இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினாள். எனக்குத்தான் இறங்கவில்லை.