பீரங்கியின் பாதி உதடு

பஸ் டிப்போவில் அவளைப் பெயர் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. பீரங்கி என்று கேட்டால் வாட்ச்மேன்கூட டயர் செக்‌ஷன் பக்கம் கையைக் காட்டுவார். பகலெல்லாம் பஸ் டயரைக் கழற்றி மாட்டுகிற வேலை. வாரத்துக்கு ஒரு மாலை டிப்போ தொழிலாளர் பேண்டில் முதல் ட்ரம்பெட். இரண்டு இடத்திலும் அவள் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் ஓரடி பின்வாங்குவார் என்பதால் வைத்த பெயர். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தன்பாட்டுக்கு ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியைப் பார்த்தாள். வலது பக்கம் அவளுடைய முகம். இடது பக்கம் யாரோ இஸ்திரி போட்டுவிட்ட மாதிரி ஒரு சுருக்கமும் இல்லாமல் தொங்கியது. கண்ணை மூடிப் பார்த்தாள். ஒன்றுதான் மூடியது.

கணவர் முடிதிருத்துபவர். தினமும் பத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர். ஒரே பார்வையில் விஷயம் புரிந்து, கடையைத் திறக்காமல் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். பக்கவாதம் இல்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். படுக்கும்போது கண்ணை ஒட்டி மூடிவைக்க டேப் கொடுத்தார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் சரியாகிவிடுமாம்.

அந்தப் பெரும்பாலானவர்களில் அவள் இல்லை. வாரங்கள் மாதங்களாகின. இமை ஒருவழியாக மூடத் தொடங்கியது. உதடு மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். நல்லவேளை, கையும் காலும் நன்றாக இருக்கிறதே என்றார்கள். நான் என்ன காலாலா ஊதுகிறேன் என்று அவள் ஒருமுறை கேட்டதில் நாத்தனார் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதைவிடக் கொடுமை, கோபத்தை முகத்தில் காட்ட முடியவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், பழுதான ஜாக்கியைக் கொடுத்ததற்காக சூப்பர்வைசரைப் பிடித்து உலுக்கினாள். அவரோ, என்ன நக்கலாகச் சிரிக்கிறாய் என்று கேட்டார். முகத்தின் ஒரு பாதி கொதிக்க, மறு பாதி சும்மா கிடந்தால் பார்க்கிறவருக்கு அது இளிப்பாகத் தெரிகிறது போலும்.

முகம் கோணிய பிறகு முதல்முறை ட்ரம்பெட்டை எடுத்து ஊதியபோது கேட்டது அவளுக்கு நன்கு பழகிய சத்தம்தான். பஞ்சரான ட்யூபில் காற்றுப் போகிற சத்தம். உதட்டைக் கூட்டிப் பிடித்தால் இடது ஓரம் வாசல் மாதிரித் திறந்துகொண்டது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினாள். எச்சில்தான் தெறித்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிவிட்டுப் போனாளே தவிர, தினமும் அதை இழுத்து எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு சாயங்காலம், முகத்துக்குப் பயிற்சி சொல்லித்தருகிற பிசியோதெரபி டாக்டரிடம் போய்விட்டு வந்தபோது சுவரில் கண்ணாடி இல்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டியும் இல்லை.

"கண்ணாடி எங்கேங்க?"

"கழட்டி வெச்சிட்டேன். பார்த்துப் பார்த்து நீ மனசு ஒடஞ்சு போறதை என்னால பார்க்க முடியல."

"ட்ரம்பெட்டு?"

அவர் துண்டை உதறி மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார். பேண்ட் மாஸ்டர் வந்திருந்தாராம். டிப்போ சாமான் சும்மாதானே கிடக்கிறது, கணக்குப் பிரிவுப் பெண் வாசிக்கட்டும் என்றாராம். இவரும் எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

"கண்ணுல பட்டா உனக்கு வேதனையாத்தானே இருக்கும்னு நினைச்சேன்."

"எனக்கு எது வேதனைன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்க ரெண்டு பேருக்குமே தோணலையா?"

முகப் பயிற்சி செய்யக் கண்ணாடி வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதை ஒப்புக்கொள்கிற மனநிலையில் அவள் இல்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தாள், பேசவில்லை.

மறுநாள் பேண்ட் அறைக்கு நேராகப் போனாள். மாஸ்டர் பெயின்ட் செக்‌ஷன் ஃபோர்மேன். யாரையும் அதட்டிப் பேசாதவர், பஞ்சு மாதிரிக் குரல். அவளை உட்காரவைத்து, பேண்டை விட்டு அவள் போக வேண்டியதே இல்லை என்றார்.

"இப்போதைக்கு ஜால்ரா போடுங்கம்மா. வாய்க்கு வேலையே இல்ல."

"ஜால்ரா போடறதுக்கு இங்க நிறைய பேர் இருக்காங்க மாஸ்டர். என் ட்ரம்பெட்டைக் கொடுங்க."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டரின் முகம் கறுத்தது. அதற்குள் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தக் கணக்குப் பிரிவுப் பெண் எழுந்து வந்து, கையிலிருந்த ட்ரம்பெட்டைத் துணியால் துடைத்து நீட்டினாள்.

"உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கொடுக்கிறாங்கன்னு நினைச்சேன்க்கா. இந்தாங்க. எனக்கு அலமாரியில பழசு இருக்கு."

அவள்மீது கோபப்படத் தயாராக வந்திருந்த பீரங்கிக்கு அது பெரிய ஏமாற்றம்.

வீட்டில்தானே கண்ணாடி இல்லை, கடையில் சுவர் முழுக்க இருக்கிறது. வேலை முடிந்ததும் கணவரின் கடைக்குப் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் தாடையில் நுரையோடு மல்லாந்து கிடந்தார். கணவர் சவரக் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு மூச்சு ஊதி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரு இழுப்பு இழுத்தார். தினமும் இதேதான். வெளியே போய் ஊது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் இரண்டொருவர் வேறு கடையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அதையும் அவர் சொல்லவில்லை.

அவள் ஊதியது வெறியில். கன்னம் நடுங்கும்வரை ஊதினாள். கொஞ்ச நாளில் வேறொரு தொல்லை முளைத்தது. உதட்டைக் குவித்தால் இடது கண் தானாக மூடிக்கொண்டது. பிசியோதெரபி டாக்டர் அவளைவிடச் சின்னவள், ஆனால் அன்றைக்கு வெளுத்துவாங்கிவிட்டாள்.

"நரம்பு திரும்ப வளருற நேரம் இது. உதட்டுக்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போயிருக்கு. முரட்டுத்தனமா அழுத்தினா இன்னும் மோசமாகும். மெதுவா செய்ங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

திட்டு வாங்கியது பீரங்கிக்கு ஏனோ தெம்பாக இருந்தது. மாதக்கணக்கில் யாரும் அவளிடம் குரலை உயர்த்தியிருக்கவில்லை.

அதன் பிறகு உதட்டில் வைக்கிற மவுத்பீஸை நடுவிலிருந்து வலது பக்கம் நகர்த்திவைத்துப் பார்த்தாள். அங்கே பல் கோணல், உதடு வெட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஒரு நாள் கீழ்ச் சுரம் ஒன்று ஓட்டை இல்லாமல், முழுசாக வந்தது. கணவர் கத்தியை மேஜையில் வைத்தார்.

"ஓட்டை அடைஞ்சுது பாரு," என்றார்.

பல நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவர் பக்கம் திரும்பி, "கீழது மட்டுந்தான்," என்றாள். வீட்டுச் சுவரில் கண்ணாடி அந்த வாரமே ஏறியது. மன்னிப்பு என்று இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

டிப்போவில் புது ஒர்க்‌ஷாப் திறப்பு விழா வந்தது. பெரிய அதிகாரிகள் வருவதாகப் பேச்சு. ஒத்திகை முடிந்ததும் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நான் வாசிக்கிறதுல குறை இருக்கா மாஸ்டர்?"

"வாசிப்புல ஒண்ணும் இல்லம்மா. கண்ணு வேற மூடி மூடித் திறக்குது. பார்க்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், அதான்."

இத்தனை மாதமும் பஞ்சுக் குரலுக்குள் பொத்திவைத்திருந்தது இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கத்தவில்லை. விழா அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து, முன்வரிசையில் நட்டநடுவே உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் வந்து குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அவள் நோட்ஸ் தாங்கியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதிகாரிகள் வாசலில் இறங்கிவிட்டார்கள். வாசிப்பைத் தொடங்கிவைக்கக் கையைத் தூக்குவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

உச்சிச் சுரங்களை நெட்டைக்கு விட்டுவிட்டாள். அது அவர்கள் இருவரும் முன்பே பேசிவைத்த ஏற்பாடு. ஒரே ஒரு இடத்தில் பழைய பழக்கத்தில் மேலே போக, சுரம் கிழிந்து கீச்சிட்டது. பார்வையாளர்களில் முதல் வரிசையிலிருந்த ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீரங்கி அவளை ஒரு கண்ணால் முறைத்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்தாள். மீதியெல்லாம் முழுசாக வந்தது. பழைய பளபளப்பு இல்லை; கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அடர்த்தி.

முடிந்ததும் மாஸ்டர் பக்கத்தில் வந்து, அதிகாரிகள் பாராட்டினார்கள், நன்றாக வாசித்தீர்கள் என்றார். அவள் ட்ரம்பெட்டைச் சாய்த்து, குழாயில் சேர்ந்திருந்த எச்சில் தண்ணீரை ஊதி வெளியேற்றினாள். அவருடைய பாலிஷ் போட்ட செருப்புக்கு ஒரு விரல்கடை தள்ளி விழுந்தது.

இன்றைக்கும் அவள் இரண்டாவது ட்ரம்பெட்தான். உதட்டைக் குவித்தால் கண் மூடுகிறது. அது அப்படியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டரிடம் பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறாள், அதுவும் தேவைக்கு. எந்தச் சுரத்தை யார் வாசிப்பது என்று ஒத்திகைக்கு ஒத்திகை நெட்டையோடு மல்லுக்கு நிற்கிறாள். போன வாரம் ஒரு மேல்சுரத்தைத் திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அது இன்னும் உதட்டுக்கு வரவில்லை.