மனுவில் மாறிய தொகுதி

ஏற்காடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மஞ்சக்குட்டை விவசாயி. ஒடிசலான உடம்பு, வெளுத்த சட்டை, மடியில் துணிப்பை. சேலத்தில் எம்.பி.யாக யார் ஜெயித்தாலும், ஆரஞ்சுப் பழங்களோடு மலையிறங்கிப் போய் மனு கொடுத்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

“ஏதாவது நடந்துச்சுங்களா?” என்று கேட்டேன்.

“நடக்காமயா? ஒருத்தர் காலத்துல கரண்ட் வந்துச்சுங்க. இன்னொருத்தர் காலத்துல ரோடு. பள்ளிக்கூடந்தான் அஞ்சாவதோட நிக்குதுங்க. எம் பேத்தி இப்ப நாலாவது.”

அடுத்து ஜெயிப்பவருக்கான மனுவும் பையில் தயாராக இருந்தது. ஆனால் தொகுதிகளை மாற்றியமைத்ததில், ஏற்காடு அப்போது கள்ளக்குறிச்சியோடு சேர்ந்துவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை. தயங்கித்தான் சொன்னேன்.

முகம் வாடிப்போனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பையிலிருந்து மனுவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஊர்ப் பேர மாத்திக் குடு கண்ணு. அங்க போக எந்த பஸ் ஏறோணும்?”

சேலத்தை அடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சி என்று எழுதினேன். பஸ் மாறும் இடத்தையும் சொன்னேன்.

“நொம்ப தூரமுங்களே” என்றேன்.

“புதுசா வர்றவரு. பழம் தின்னு பாக்கட்டும்” என்று சிரித்தார்.

அந்தத் தேர்தல் முடிவு வந்த காலையில், நான் ஓட்டுப் போட்ட சேலத்தை விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஜெயித்தது யார் என்றுதான் பேப்பரில் முதலில் தேடினேன்.