நேட்டாலில் விளைந்த வற்றல்

குருசாமி அண்ணாச்சி காலமான செய்தி ஒரு பார்சலோடு சேர்ந்து வந்தது. தபால்காரர் அதை என் மேசையில் வைத்துவிட்டு மூன்று முறை தும்மினார். எங்கிருந்து வந்திருக்கிறது என்று முகவரியைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. உள்ளே அண்ணாச்சியின் மகள் எழுதிய கடிதம்: "அப்பா போன மாதம் தவறிவிட்டார்கள். கடைசி வரை சங்கரன்கோவில் தபசுப் பேச்சுதான்." அவரை அறிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நாடு விடுதலையான புதிதில், ஓர் ஆடி மாதம் அவர் எங்கள் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். நான் அங்கே பார்சல் குமாஸ்தா. கோட்டும் தொப்பியுமாக நின்றவரிடம் ஒரு சாக்கு மூட்டை. அதைத் தராசில் வைத்ததுமே தும்ம ஆரம்பித்தேன்.

"சீமையில இருந்து வாரவங்க சோப்பு, சென்டுன்னு கொண்டாருவாங்க. நீங்க மிளகாய் வத்தலைச் சுமந்துட்டு வாரீயளே!" என்றேன்.

"எங்க தாத்தா நேந்துகிட்டது. நேந்தது கடலைத் தாண்டினாலும் நேந்ததுதானே?" என்றார். தொப்பிக்கும் அந்தப் பேச்சுக்கும் துளியும் பொருத்தமில்லை.

சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவன்று விவசாயிகள் பருத்தி, வற்றல், தானியம் என்று தங்கள் வெள்ளாமையை அம்மன் முன்னால் அள்ளி வீசுவார்கள். சூறை விடுவது என்று அதற்குப் பெயர். மழை பொய்த்த ஒரு வருடம், அடுத்த வெள்ளாமையின் முதல் கூடை உனக்குத்தான் என்று கோமதியம்மனிடம் தாத்தா வேண்டிக்கொண்டார். அடுத்த வெள்ளாமைக்கு அவர் இங்கே இல்லை. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறிவிட்டார். அவர் மகனும் கூலிதான். "வெள்ளைக்காரன் கரும்பை அம்மனுக்கு எப்படிப் போடுதது?" என்று கேட்டார் அண்ணாச்சி. மூன்றாம் தலைமுறையில் இவர்தான் காய்கறி விற்று, மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வாங்கினார். மூட்டையில் இருந்தது அதன் முதல் வெள்ளாமை.

திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் இருந்த தாத்தாவின் ஊருக்கு நானே லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனேன். வேடிக்கை பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை. பங்காளிகளில் மூத்த பெரியவர் மோர் கொடுத்தார், தாத்தா பெயரைக் கேட்டதும் தலையாட்டினார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"தபசுக்கு எங்க வண்டியில வாரும். சூறை விடும்போது மட்டும் எங்க ஆளுகளோட நிக்கப்படாது. நிலம் இல்லாதவன் எதை வீசுவான்? கடைச் சரக்கையா?"

அண்ணாச்சி, "சரி பெரியப்பா" என்று சொல்லி இன்னொரு செம்பு மோர் வாங்கிக் குடித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மூட்டையை அங்கேயே அவிழ்த்துக் காட்டியிருக்கலாமே என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பினேன்.

"காட்டவா இம்புட்டுத் தூரம் வந்தேன்? வீச வந்தேன் வே" என்றார்.

தபசன்று ரத வீதியில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். அந்த ஊர்க்காரர்கள் ஓலைப் பெட்டிகளோடு நின்ற இடத்துக்கு அண்ணாச்சி மூட்டையோடு போய் நின்றார். "எந்தக் கடையில வாங்குனீரு?" என்றார் பெரியவர்.

"கடை இல்ல பெரியப்பா. என் நிலம். பத்திரத்துல என் பேரு."

பெரியவர் ஒரு வற்றலை எடுத்து நறுக்கென்று கடித்தார். கண்ணிலும் மூக்கிலும் தாரையாக வழிந்தது. தண்ணீர் நீட்டியவனைத் தள்ளிவிட்டுக் கத்தினார்: "கடைச் சரக்குல இந்த உறைப்பு ஏதுலே! இடம் விடுங்கலே, நம்ம வீட்டுப் பிள்ளை வந்திருக்கான்!"

அண்ணாச்சி இரண்டு கையாலும் அள்ளி வீசினார். எல்லாரும் அம்மனை அழைத்தார்கள்; அவர் தாத்தாவை அழைத்தார். தெரு முழுக்கத் தும்மியது. நானும் அழுதேன், வற்றல் மேல் பழி போட மனமில்லை.

ரயிலேறும்போது, "நீரு ஒரு கை வீசலியே?" என்று கேட்டார்.

"எனக்கு நிலம் ஏது அண்ணாச்சி? அடுத்தவன் மூட்டையை நிறுக்கிறவன்" என்றேன். அவர் என் விலாசத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மகள் கடிதத்தை இப்படி முடித்திருக்கிறாள்: "ஊரிலிருந்து திரும்பிய வருடமே அப்பா உங்கள் பேரில் ஒரு பாத்தி ஒதுக்கிவிட்டார்கள். ஸ்டேஷன் சித்தப்பா பாத்தி என்றுதான் சொல்வோம். அடுத்த முறை தானே கொண்டுவந்து தர வேண்டும் என்று இருந்தார்கள். முடியவில்லை. இந்த வற்றல் அதில் விளைந்தது. அந்தப் பாத்தி என்றைக்கும் உங்களுடையது."

அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அதுதான். நேட்டாலில் எனக்கு ஒரு பாத்தி நிலம் இருக்கிறது. அடுத்த வாரம் ஆடித் தபசு. எந்தக் கடையில் வாங்கினாய் என்று யாராவது கேட்கட்டும். கடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.