சம்பளத்துக்கு வந்த சொந்தக்காரி

கல்யாணத்துக்குப் பந்தல் வாடகைக்குக் கிடைக்கும், பாத்திரம் கிடைக்கும், சேர் கிடைக்கும். தென்காசியில சொந்தக்காரியும் கிடைப்பா, அது நான்தான். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளையும், இருந்தும் இல்லாத பிள்ளைகளையும் ஆளாக்கி விடுற ஒரு டிரஸ்ட்ல எனக்கு வேலை. கார்டியன்னு பேரு. ஸ்கூல்ல வரச் சொன்னா போகணும், ஆஸ்பத்திரின்னா கூட இருக்கணும், பொண்ணு பாக்க வந்தா பக்கத்துல உக்காரணும். சாயங்காலம் வீட்டுப் பூட்டை நானே திறந்து, நானே லைட்டைப் போட்டு, டிவிகிட்ட பேசிக்கிட்டுச் சாப்பிடணும். கல்யாணம் நான் பண்ணிக்கல. நாளெல்லாம் ஊருக்கு உறவா இருந்துட்டு வீட்டுல ஒத்தையா உக்காந்திருக்கிற ஆளுக நம்மள்ல நெறைய உண்டு. நர்ஸம்மாமாரே, ஹாஸ்டல் வார்டன்மாரே, உங்களுக்குத்தான் சொல்லுதேன்.

தலையக் குனியத் தெரியல

ஷகிலா கடையநல்லூர்ப் பிள்ளை. அப்ப பத்தாங்கிளாஸ். கணக்குல கோட்டை விட்டுட்டா. பேரண்ட்ஸ் மீட்டிங்ல கிளாஸ் டீச்சர் என்னைய நிக்க வச்சு, "வீட்டுல நீங்க சீரியல் பாத்துக்கிட்டு, பிள்ளை கையில போனைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்"னு விளாசிட்டாங்க. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. எங்க டிரஸ்ட் ஹாஸ்டல்ல ஏது போனு? நேரா அவங்க மூஞ்சியப் பாத்து, "டியூஷனுக்கு ஏற்பாடு பண்ணுதோம் மேடம்"னு ஆபீஸ்ல பேசுற மாதிரி பேசிட்டு வந்துட்டேன்.

நல்லா சமாளிச்சிட்டோம்னுதான் நெனச்சேன். வெளிய வந்தா ஷகிலா மூஞ்சி சரியில்ல. சுத்தி மத்த அம்மாமாரெல்லாம் டீச்சருமாரைக் கெஞ்சிக்கிட்டு, பிள்ளைக மண்டையில குட்டிக்கிட்டு நிக்காங்க. அவங்களையே பாத்துக்கிட்டு வந்தவ, ஆட்டோவுல ஏறினப்புறம் சொன்னா: "டீச்சர் திட்டும்போது தலையக் குனியணும்க்கா, நெஜ அம்மாவெல்லாம் அப்படித்தான் நிப்பாங்க."

மைக்குல கூப்பிட்ட அம்மா

சீசன் நேரம். குத்தாலத்துல சாரல் நல்லா இருக்குன்னு சின்னப் பிள்ளைகளை மெயினருவிக்குக் கூட்டிட்டுப் போனோம். குளிச்சு முடிச்சு எல்லாரையும் நிறுத்திப் பாத்தா முருகேசனைக் காணல. அஞ்சாங்கிளாஸ் பொடியன். ஐயோ, அந்தக் கூட்டத்துல எங்கன போயித் தேட? போலீஸ் பூத்துக்கு ஓடினேன். மைக்குல இருந்தவர், "நீங்க அம்மாவா?"ன்னு கேட்டாரு. டிரஸ்ட்டு, கார்டியன்னு வெளக்கம் சொல்லிக்கிட்டிருக்கிற நேரமா அது? ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்.

"முருகேசா, உன் அம்மா இங்க அழுதுக்கிட்டு நிக்காங்க, சீக்கிரம் வா"ன்னு அவரும் திரும்பத் திரும்பக் கூப்பிடுதாரு. பய வரல. நான் அருவிக்கும் பூத்துக்குமா ஓடி ஓடித் தேடுதேன். கடைசியில பாத்தா, ஸ்பீக்கர் கட்டியிருந்த கம்பத்துக்கு அடியிலேயே நின்னு, நேந்திரம் சிப்ஸ் போடுறதை வாயத் திறந்து பாத்துக்கிட்டிருக்கான். முதுகுல ஒண்ணு வச்சு, "ஏலே, காது செவிடால?"ன்னு கத்திட்டேன். அவன் முதுகைத் தடவிக்கிட்டே சொன்னான்: "கேட்டுச்சுக்கா, அம்மா தேடுதாங்கன்னு சொன்னதால வேற முருகேசன்னு நெனச்சேன்."

ஆறின காப்பி

செல்வி எங்ககிட்ட வளந்து, தென்காசியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்தவ. சுந்தரபாண்டியபுரத்துப் பையன் ஒருத்தன் அவளைத்தான் கட்டுவேன்னு நின்னுட்டான். அவன் அம்மா பேச்சியம்மாளுக்கு அரை மனசுதான். கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு வீட்டு வரிசைல நானும், யூனிஃபார்ம் மாதிரி ஒரே துணியில சட்டை போட்ட எங்க பிள்ளைகளும். ஆராத்தித் தட்டைப் பிடிக்கிறதா, பிள்ளைகளைப் பிடிக்கிறதான்னு ஓடினதுல, மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போன காப்பி ஆறிப் போச்சு.

பேச்சியம்மா ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சாங்க. "இதைக் கேக்கப் பொண்ணு வீட்டுல ஒரு மனுஷர் உண்டா? நாளைக்கு ஒரு நல்லது பொல்லாததுன்னா நான் யாரைப் போயிப் பாக்க?"ன்னு கேட்டாங்க. "நான் இருக்கேன்"னேன். மனசாரத்தான் சொன்னேன். என்னைய மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டு, சத்தம் போடாமச் சொன்னாங்க: "நீங்க சம்பளத்துக்கு வந்தவுக மேடம்."

வேற ஒண்ணும் இல்லையே

அந்தச் சொல்லு போன மாசம் வரைக்கும் முள்ளு மாதிரி உள்ளயே கெடந்துச்சு. போன மாசம் எனக்குப் பித்தப்பையில கல்லுன்னு சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாங்க. கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும்னுட்டாங்க. எத்தனை பிள்ளைகளுக்குக் கூட இருந்திருக்கேன்! எனக்கு யாரைக் கூப்பிட?

கோயம்புத்தூர்ல இருக்கிற ஷகிலாவுக்குப் போன் போட்டேன். நான் எப்பவும் அவ சேதி கேக்கத்தான் கூப்பிடுவேன். அதனால பழக்கத்துல அவளே ஆரம்பிச்சிட்டா: வேலை, வாடகை வீடு, பல்லுவலி. முருகேசன் இப்ப துபாய்ல ஏசி மெக்கானிக். அவனும் அப்படித்தான், வெயிலையும் ரூம்ல கூட இருக்கிறவன் குறட்டையையும் சொல்லிச் சிரிச்சான். செல்வி நிறைமாசம், மூச்சு வாங்கிக்கிட்டே பேசினா. மூணு பேருகிட்டயும் என் சங்கதிய எடுக்க வாய் வரல. ஒருத்தரும் கேக்கலன்னும் சொல்ல முடியாது. வைக்கும்போது செல்வி கேக்கத்தான் செஞ்சா: "சரிக்கா, வேற ஒண்ணும் இல்லையே?"

கூட யாரு?

பையத் தூக்கிக்கிட்டு ஒத்தையாத்தான் போனேன். செல்வி வேலை பாத்த அதே ஆஸ்பத்திரி. கட்டில்ல உக்காந்தேன். "கூட வந்தவங்க எங்க?"ன்னு நர்ஸு கேட்டுச்சு. "வந்துக்கிட்டிருக்காங்க"ன்னு வாய் கூசாமப் பொய் சொன்னேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மாவச் சுத்தி மகன், மருமக, கொழுந்தன்னு ஒரு படையே இருக்கு. நான் சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன். அழுகை வந்துச்சு, அழுதேன். மறைக்க என்ன இருக்கு?

அப்பதான் வாசல்ல ஒரு சத்தம். ஒரு கையில வயர்கூடை, ஒரு கையில பிளாஸ்க்கு, பேச்சியம்மா! செல்வியோட பழகின நர்ஸு ஒண்ணு என்னையப் பாத்துட்டு அவளுக்குப் போன் பண்ணியிருக்கு. அவளால வர முடியல, மாமியாரைப் பஸ் ஏத்தி விட்டுட்டா. "ஆஸ்பத்திரியில வந்து படுக்கதுன்னா சம்பந்தி வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நாளைக்கு ஊருல என் மூஞ்சியில காறித் துப்பவா?"ன்னு வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி சண்டை. "நீங்க இவங்களுக்கு யாரு?"ன்னு கேட்ட நர்ஸுக்கும் அதே வேகத்துல பதில்: "பொண்ணு குடுத்தவ இவ, எடுத்தவ நான்."

ஆபரேஷன் முடிஞ்சு, டாக்டர் குடிக்கலாம்னு சொன்னப்புறம் பிளாஸ்க்கத் திறந்து காப்பி ஊத்தினாங்க. ஆவி பறந்துச்சு. என் தலையத் தாங்கிப் பிடிச்சு ஒரு வாய் குடிக்க வச்சாங்க. நன்றி சொல்லலாம்னு வாயத் திறந்தேன், விடல. "சூடா இருக்கா? இப்படித்தான் காப்பி குடுக்கணும் மதினி, கல்யாணத்தன்னைக்கு எனக்கு ஆறினதைக் குடுத்தியள்ளா, அதை நான் சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டத்தான் செய்வேன்."

இந்த வேலையில பென்ஷன் கிடையாதுன்னு சொல்லுதவங்ககிட்ட இனிமே நான் சொல்லிக்கிடலாம், சாகுற வரைக்கும் சொல்லிக்காட்ட எனக்கு ஒரு ஆளு உண்டுன்னு.