மொட்டைக்கு ஒரு மன்னிப்பு

மன்னிப்பைப் பற்றி யாராவது பிரசங்கம் செய்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மன்னிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் சொன்னதை மறுத்துப் பேச நான் யார்? ஆனால் கேட்க வேண்டியவன் சட்டமாக உட்கார்ந்திருக்க, அடிபட்டவளைப் பிடித்து முன்னால் நிறுத்தி ‘மன்னிப்புக் கேள்’ என்றால் அது எந்த ஊர் நியாயம்? எங்கள் திருத்தணிச் சபையில் அப்படித்தான் செய்தார்கள். நிறுத்தப்பட்டவள் நான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன். ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது என் வேலை. நோவா பேழைக்குள் ஆட்டை ஏற்றும்போது எல்லாப் பிள்ளைகளும் ஆடு மாதிரி கத்துவார்கள். யானை ஏறும்போது பெஞ்சே ஆடும். அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். வேறு எதிலும் எனக்கு அவ்வளவு ஆசை இருந்ததில்லை.

அந்த வருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. பிழைப்பேனா என்றே வீட்டில் பயந்துவிட்டார்கள். காய்ச்சல் விட்டபோது முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. மிச்சம் இருந்தது சடை பிடித்துக் கிடந்தது. முடி வெட்டுகிறவரை வீட்டுக்கே வரச்சொல்லி மழித்துவிட்டார்கள். செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவர் நைனா. தலை திகுதிகுவென்று எரிந்தது. பக்கத்து வீட்டில் தறி போடும் அக்கா ஒருத்தி, முருகன் பக்தை, தினமும் காலையில் சந்தனம் இழைத்துக் கொண்டுவந்து என் தலையில் அப்பிவிடுவாள். “உங்க சாமி மொட்ட கேக்காட்டி போவட்டும், உசுர குடுத்துச்சே” என்று சிரிப்பாள்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் இதில் ஒன்றும் வந்திருக்காது. திருத்தணியில் மொட்டைத் தலையும் அதன்மேல் சந்தனமும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போதாக்குறைக்கு, டாக்டர் மறுபடி வரச்சொன்ன நாள் ஆடிக் கிருத்திகையாகப் போயிற்று. அரக்கோணம் போய்விட்டு அம்மாவோடு திரும்பி வந்தேன். பஸ் முழுக்கக் காவடிக் கூட்டம். கண்டக்டர்கூட, “சாமிக்கு எடம் குடுங்கப்பா” என்று என்னை உட்காரவைத்தார். எனக்கே சிரிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எங்கள் சபை மூப்பர் ஒருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவர் நேராகச் சபையாரிடம் போய், நான் மலைப்படியில் இறங்கி வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். படியில்! பச்சைப் பொய். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உடம்பு தேறி நான் சபைக்குப் போனபோது என் வகுப்பில் வேறொருத்தி நின்றாள். பிள்ளைகளில் ஒன்று என் முக்காட்டையே பார்த்துவிட்டு, “டீச்சர், நீங்க முருகனுக்கு முடி குடுத்துட்டீங்களாமே?” என்றது. வீடு வரும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு வந்து அழுதேன்.

போதகர் வீட்டுக்கு வந்தார். நடந்ததை அம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் எங்களை நம்பவில்லை என்றால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நம்பினார்.

“நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா சபையில பேச்சாயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு முன்னால எழுந்து வந்து, உயிர் பொழைச்சதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லு. அப்படியே ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுடு. வகுப்பு உனக்கே வந்துடும்.”

“நான் எதுக்குங்க ஐயா கேக்கணும்?”

“கிருபைன்னா தாழ்ந்து போறதும்மா. மூப்பர்கூட உன்ன மனசார மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டார்.”

மன்னித்துவிட்டாராம்! பொய் சொன்னவர் என்னை மன்னித்துவிட்டாராம். கிருபை என்றால் தகுதியில்லாதவனுக்கும் சும்மா கிடைப்பது என்று அந்த வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அதற்கு இவர்கள் விலை வைத்தார்கள். அதையும் தப்பு செய்யாதவளிடம் வசூலிக்க வந்தார்கள்.

நைனாவைப் பார்த்தேன். அவர் ஒன்று சொன்னால் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “ஒரு வார்த்த தானேம்மா, கேட்டுடு” என்றார். போதகர் போனபிறகு, “நாளைக்கு ஊட்ல ஒரு சாவுன்னா தூக்கறதுக்கு நாலு பேர் வேணும்மா. கல்லறையில எடம் வேணும். அவங்கள பகைச்சுகினு எங்க போறது?” என்றார். அவர் பயம் பொய்யான பயமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் மூப்பர் சொன்ன பொய்யைவிட நைனாவின் அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்றது. அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் கூப்பிட்டார். முன்னால் போனேன். 

“ஆண்டவர் எனக்கு உயிர் குடுத்தார், அவருக்கு நன்றி. தெனமும் வந்து என் தலைக்குச் சந்தனம் போட்ட பக்கத்து ஊட்டு அக்காவுக்கும் நன்றி” என்றேன். பெஞ்சுகளில் சலசலப்பு. போதகர் மெல்ல, “மன்னிப்பு…” என்று எடுத்துக்கொடுத்தார்.

“செய்யாததுக்கு நான் கேக்க மாட்டேங்க ஐயா.”

மூப்பர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “பாத்தீங்களா, எவ்ளோ திமிரு” என்றார்.

அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து நைனா எழுந்து வந்தார். சபையில் வாய் திறந்து ஜெபம்கூடச் செய்யாத மனுஷன்.

“மொட்ட அடிச்சது எங்க ஊட்லதாங்க. செம்புல தண்ணி வெச்சுகினு நின்னவன் நான். என் பொண்ணு மலைப்படிய மிதிக்கல. எல்லாம் தெரிஞ்சும் பயந்துகினு வாய மூடிகினு இருந்தேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். “என்ன மன்னிச்சுடும்மா.”

பெற்ற மகளிடம், அத்தனை பேர் பார்க்க! பெண்கள் பக்கத்தில் யாரோ ‘ஐயோ’ என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கூப்பின கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். “வுடுங்க நைனா” என்றேன். ஒரு வாரமாகக் கனன்றுகொண்டிருந்த கோபம் அவர்மேல் இல்லாமல் போய்விட்டது. நான் ஒன்றும் முயற்சி செய்யவில்லை. அதற்குப் பெயர்தான் கிருபை என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து வகுப்பை நானே எடுக்கலாம் என்று அறிவித்தார். உடனே மூப்பர் எழுந்தார். நல்ல கணீர்க் குரலில், “ஆண்டவருடைய கிருபையால எல்லாம் சமாதானமா முடிஞ்சது, ஜெபம் பண்ணுவோம்” என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை. “இன்னும் முடியலீங்க ஐயா. இவர் இன்னும் கேக்கல” என்றேன்.

அந்த ஆள் கண்ணைத் திறக்கவே இல்லை. ஜெபத்தைத் தொடர்ந்தார். அதன்பிறகு பல வருஷம் அதே சபையில் இருந்தார், ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன்.