ஜீயபுரத்தில் ஒரு இங்கிலாந்து

எம்.பி.ஏ. படிக்க எனக்கு இரண்டு இடங்களில் சீட் கிடைத்தது. ஒன்று இங்கிலாந்தில். இன்னொன்று எங்கள் திருச்சியிலேயே, புதுக்கோட்டை ரோட்டில். இரண்டாவது இடத்துக்கு டெல்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் முட்டி மோதி வந்து சேர்கிறார்கள். ஆனால் டவுன் பஸ் போகிற இடத்தில் படிப்பதை எங்கள் ஸ்ரீரங்கத்துத் தெருவில் யாரும் படிப்பாக ஒப்புக்கொள்வதில்லை. எதிர் ஃப்ளாட் மாமி, வேறு எங்கேயும் கிடைக்கவில்லையா என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

எனக்கு இங்கிலாந்து போகத்தான் ஆசை. படிப்புக்காக என்று சொன்னால் அது பொய். நான் அதுவரை போயிருந்த தூரம் சென்னை. அங்கே வேலை பார்த்தபோதும் வாரக் கடைசியில் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவேன். நினைத்தவுடன் திரும்பி வர முடியாத ஊரில் ஒரு தடவை இருந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் வீட்டுக்கு நான் ஒரே பெண். நான் போனால் அம்மா தாங்க மாட்டாள் என்பது அப்பாவின் கட்சி. அம்மாவைக் கேட்டால், தாராளமாகப் போகட்டும் என்றாள். அப்பா அதை நம்பவில்லை.

அப்பா திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குழாய்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே குழாயில் தண்ணீரை நிரப்பி, அது வேலையில் தாங்க வேண்டியதைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். கசியாவிட்டால்தான் லாரியில் ஏறும். இன்றைக்கும் வீட்டுக்குப் புது குக்கர் வந்தால் முதல் நாள் அதில் வெறும் தண்ணீர்தான் வேகும். அம்மாவையும் டெஸ்ட் பண்ணிவிடலாம் என்றார்.

ஏற்பாடு இதுதான்: பத்து நாள் நான் ஜீயபுரத்தில் அத்தை வீட்டில் இருக்க வேண்டும். அது இங்கிலாந்து. யாரும் நேரில் வரக்கூடாது, சாப்பாடு கொடுத்தனுப்பக்கூடாது. வீடியோ காலில் பேசலாம், அதுவும் அந்த ஊர் நேரம் பார்த்து. அப்பாவே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். வாசலில் நின்று, சிரிக்காமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் அம்மா நன்றாகப் பேசினாள். இரண்டாம் நாள் என் அறையில் தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டிருப்பதைச் சுற்றிக் காட்டினாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். எனக்குக் கொஞ்சம் வலித்தது. அப்பா பின்னால் நின்று, கசிவு எங்கே என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அப்பா வந்து நின்றார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அத்தை வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வாழைத்தோப்பு. ஸ்ரீரங்கம் கடையில் வாங்கிய அந்தப் பழத்தை அத்தை வாங்கி, கூடத்தில் தொங்கிய தாருக்குக் கீழே வைத்தாள்.

"அத்தையப் பாத்து நாளாச்சு, அதான்" என்றார் அப்பா. முந்தாநாள்தான் பார்த்திருந்தார்.

இட்லி சாப்பிட உட்கார்ந்தவர், நான் சட்னி போட்டபோது என் கையையே பார்த்துவிட்டு, மெலிந்துவிட்டாயே என்றார். இரண்டு நாளில் மெலிய வழியில்லை என்றேன். அப்போது அம்மாவின் போன் வந்தது. இங்கிலாந்தில் அது தூங்குகிற நேரம். எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

"உங்கப்பா அங்க வந்திருக்காரா?"

ஆமாம் என்றேன்.

"நேத்தே கெளம்புனாரு. குடமுருட்டிப் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு" என்றாள், கேஸ் தீர்ந்துபோன சேதியைச் சொல்கிற குரலில். "சாப்பிட வச்சு அனுப்பு. ஜீயபுரம்னா ஏதாச்சும் சாக்கு சொல்லிட்டு வந்துடுறாரு. அவ்ளோ தூரம்னா பாவம், என்ன சாக்கு சொல்லுவாரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிணற்றடியில் நின்று அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நல்லாத் தாங்குறா. ஒரு பிரச்சினையும் இல்ல. நீ தைரியமாக் கெளம்பும்மா."

புதுக்கோட்டை ரோட்டில் சேர்ந்து இது இரண்டாம் வருஷம். பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது, விசா தொல்லை இல்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். போகாதது எனக்கு இன்னும் வருத்தம்தான். அவருக்கோ என்மேல் கோபம். அம்மாவே பாஸாகிவிட்டாள், இந்தப் பெண்தான் வீட்டை விட்டுப் போகப் பயந்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.