மதினி லேப்டாப்பில் ரைட் கிளிக்

காலையிலேயே பரளச்சியில இருக்குற மதினி போன்ல வந்தாக.

"தம்பி, லேப்டாப்புல ரைட் கிளிக் வர மாட்டேங்குது. இன்னைக்கு பில்லெல்லாம் ஏத்தலைன்னா கடையில வேற ஆளு பாத்துருவாக."

வீட்டுல இருந்தே ஒரு ஜவுளிக்கடைக்கு பில் ஏத்துறாக. அந்த லேப்டாப்புல லினக்ஸ் போட்டுக் குடுத்த பாவி நான்தான்.

"டச்பேடுல வலது பக்கம், கீழ் மூலையில அமுக்குங்க மதினி."

"அமுக்கிட்டேன். ஒண்ணும் நடக்கல."

ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். என்னென்னமோ கமாண்டு அடிக்கச் சொன்னேன். கடைசியில என் லேப்டாப்பையும் தூக்கிட்டு பஸ்ஸு ஏறிட்டேன்.

போய்ப் பார்த்தா அந்த மூலையில சந்தனம், குங்குமம். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு. அது மேல விரல் படாம, தள்ளித் தள்ளி அமுக்கிட்டு இருக்காக.

"தொடச்சிரவா மதினி?"

"ஐயோ, வேணாம் தம்பி! நம்ம கையால வச்ச பொட்ட நம்மளே அழிக்கவா?"

செட்டிங்ஸ்ல போயி, ரெண்டு விரல வச்சு எங்க அமுக்குனாலும் ரைட் கிளிக்னு மாத்திவிட்டேன். பில்லெல்லாம் ஏறிருச்சு.

வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பைத் திறந்தா, அதே மூலையில ஒரு பொட்டு. மதினி வீட்டுல நான் சாப்பிடுறப்ப அவுகதான் வச்சிருக்காக.

இப்ப நானும் ரெண்டு விரல்லதான் அமுக்கிட்டு இருக்கேன். தொடச்சிருன்னு சொல்ற தைரியசாலி யாராச்சும் இருந்தா கமெண்டுக்கு வாங்க.